மச்சான் பிடித்த கால்

செவந்திக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது, காது இன்னும் மூளி. கருக்கவயலில் அந்த வயதில் காது குத்தாமல் திரிகிற பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். ஊருணிக்குத் தண்ணீர் மொள்ள வருகிற வாய்கள் சும்மா இருக்குமா? "ஏண்டி இருளாயி, ஒம் மகளுக்குக் காது குத்த மகாராசாகிட்டேருந்து உத்தரவு வரணுமா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கேட்கிறவளுக்கும் காரணம் தெரியும், சுற்றி நிற்கிறவர்களுக்கும் தெரியும். இருளாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "உத்தரவு புதுக்கோட்டையில இல்லடி, எம் புருசன் முழங்காலுக்குள்ள இருக்கு. போயிக் கேளு," என்று சொல்லிவிட்டு நடப்பாள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கும்போது கண் கலங்கும். அது ஊருணியில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

எந்தப் பிள்ளையாக இருந்தாலும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் இல்லாத பிள்ளைக்கு முறைக்கு ஒருவரைத் தேடிப் பிடிப்பார்கள். செவந்திக்கு அந்தக் குறையும் இல்லை. இருளாயியின் கூடப்பிறந்த அண்ணன் திருப்பதி, கண்மாய்க்கு அந்தக் கரையில் மாவடியேந்தலில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். தங்கச்சி மகளை மடியில் வைத்துக்கொள்ள அவனுக்கும் கொள்ளை ஆசை. மாப்பிள்ளை சேவுகன் விட வேண்டுமே! தொட்டிலில் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு பிள்ளையின் முகத்தைக்கூட மாமன் கிட்டத்தில் பார்த்ததில்லை.

எல்லாம் சடுகுடுவால் வந்த வினை.

கருக்கவயலும் மாவடியேந்தலும் ஒரே கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் பார்க்கிற ஊர்கள். பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள், ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் வந்து தோள் கொடுப்பார்கள். வருஷத்தில் ஒரே ஒரு நாள், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாளன்று, கரைப் பொட்டலில் கோடு கிழித்துவிட்டால் மட்டும் ஜென்மப் பகையாளிகள் ஆகிவிடுவார்கள். ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு "சடுகுடு சடுகுடு" என்று பாடியபடியே எதிராளிகளின் பக்கம் போக வேண்டும். யாரையாவது தொட்டுவிட்டு, பாட்டு அறுபடாமல் திரும்பி நடுக்கோட்டைத் தொட வேண்டும். தொட்டால், அவன் தொட்டவனும் அவனைப் பிடித்தவனும் வெளியே. அவர்கள் அவனை அமுக்கி மூச்சுவிட வைத்துவிட்டால் அவன் வெளியே. சொல்வதற்கு அவ்வளவுதான். ஆடினால்தான் தெரியும் அருமை. சேவுகனுக்கு முன்பல் இரண்டு போயிருந்தன. தோள்பட்டை எலும்பு ஒன்று முண்டும் முடிச்சுமாகக் கூடியிருந்தது. திருப்பதிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன, மூக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, இடது காது மந்தம். இதையெல்லாம் நகை போட்டுக்கொண்ட மாதிரி இரண்டு பேரும் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். இருளாயியின் கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்த கையோடு மாப்பிள்ளையும் மச்சானும் பந்தலுக்குப் பின்னால் போய், எந்தப் பிடியை எப்படி உதறுவது என்று மண்ணில் புரண்டுகொண்டிருந்தவர்கள்தானே!

பாடிப் போவதில் சேவுகனை அடிக்க ஆளில்லை. பிடிப்பதில் திருப்பதியை அடிக்க ஆளில்லை. உடும்புப் பிடி. அவன் கையில் மாட்டிய கால் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

செவந்தி தொட்டிலில் கிடந்த வருஷம், கரிநாளன்று, அந்தப் பிடியில் சேவுகனின் வலது கால் மாட்டியது. இவன் ஒரு பக்கம் இழுக்க, அவன் ஒரு பக்கம் திருக, காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வண்டிகளுக்குப் பின்னால் பெண்களோடு நின்றிருந்த இருளாயிக்கே அது கேட்டது. திருப்பதிதான் அலறிக்கொண்டு மாப்பிள்ளையைத் தூக்கி வண்டியில் போட்டான். கறம்பக்குடிக் கட்டு வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி அனுப்பினார்.

அதோடு போயிருந்தால் ஆட்டத்தில் அடிபடுவது சகஜம் என்று ஆறியிருக்கும். மாவடியேந்தல் இளவட்டங்களுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நொண்டி மாப்பிள்ளை" என்று ஒரு பாட்டுக் கட்டிச் சந்தை வரைக்கும் பாடினார்கள். கட்டோடு கிடந்த சேவுகன் காதில் அது விழுந்தது. மறுநாள் வண்டி கட்டச் சொல்லி அய்யனார் கோயிலுக்குப் போனான். உள்ளங்கையில் சூடத்தை ஏற்றினான். "திருப்பதி மடியில எம் மக ஒக்காரணும்னா, அவன் புடியிலேருந்து நான் கோட்டத் தொட்டுட்டு வந்திருக்கணும். அதுவரைக்கும் அவ காது மூளியாவே கெடக்கட்டும். வேற ஆளு மடியும் வேண்டாம்," என்று சத்தியம் செய்துவிட்டு வந்தான்.

கோபத்தில் சொன்ன சொல்லை மறுநாள் மறந்துவிடலாம். அய்யனார் முன்னால் சூடம் அடித்துச் சொன்னதை மறக்க எங்கள் பக்கத்தில் வழி கிடையாது. ஆடு வெட்டினாலும் திரும்பாது, அழுதாலும் திரும்பாது. இப்படி ஒரு சத்தியத்தைப் பெற்ற மகள் காதின் மேல் செய்கிற அறிவு எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்குத்தான் வரும்.

எலும்பு கூடியது. கால் கூடவில்லை. குந்த முடியாது, சம்மணம் போட முடியாது. பந்தியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பெரியவர்களுக்கு மரியாதை இல்லை என்று பேச்சு. ஆகவே விருந்து வாசலுக்கே போவதை நிறுத்தினான். கமலை மாட்டைப் பின்னுக்கும் முன்னுக்கும் ஓட்டி நாள் முழுக்கத் தண்ணீர் இறைக்க அந்தக் கால் தாங்கவில்லை. இருளாயி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கமலை ஓட்டினாள். பொம்பளை கமலை ஓட்டுகிறாளாம் என்று வேடிக்கை பார்க்க வரப்பில் ஆள் நின்றது. நின்றவர்களை அவள் தார்க்குச்சியைக் காட்டி ஓட்டினாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் திருப்பதி மஞ்சள் கொத்தும் பச்சரிசியும் பரங்கிக்காயுமாகச் சீர் கொண்டுவருவான். சேவுகன் வாசலில் ஏற்றமாட்டான் என்று தெரிந்து கீரமங்கலத்தில் இப்ராஹிம் ராவுத்தர் பலசரக்குக் கடையில் இறக்கி வைத்துவிட்டுப் போவான். ராவுத்தர் கடைச் சாமானோடு சாமானாக அதை அனுப்பி வைப்பார். சேவுகனுக்கும் அது தெரியும் என்றுதான் இருளாயி நினைத்தாள். ஒரு நாளும் அவன் கேட்டதில்லை, பரங்கிக்காயை மட்டும் ருசித்துச் சாப்பிடுவான்.

ஜப்பான்காரன் சிங்கப்பூரில் குண்டு போட்டுக்கொண்டிருந்த அந்தத் தை மாதம், மலேயாவுக்குப் போயிருந்த கருக்கவயல் இளவட்டங்கள் ஊர் திரும்பக் கப்பல் இல்லை. ஆட்டத்துக்கு ஆள் குறைந்தது. ஊர்ப் பெரியதனம் பார்க்கிற அம்பலம் ஆத்மநாதன் வந்து சேவுகனிடம், "சும்மா பேருக்கு வந்து நில்லப்பா," என்றார். பேருக்கு நிற்கிற ஆளா அவன்? அதற்கு முன்பே, கடலை பிடுங்கிய கொல்லையில் விடிகாலையில் நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்ததையும், கிணற்றில் முங்கி மூச்சடக்கிக் கிடந்ததையும் இருளாயி பார்த்திருந்தாள். அவன் முங்கியிருக்கிற நேரமெல்லாம் மேலே நிற்கிற அவளுக்கும் மூச்சு நின்றுவிடும். "இன்னொரு தடவ திருகுனா அப்புறம் மடக்குறத மறந்துர வேண்டியதுதான்," என்று வைத்தியர் சொன்னது அவள் காதிலேயே நின்றது.

அவளுக்கு அண்ணன் வேண்டும், மகளுக்குக் காது குத்த வேண்டும், புருஷன் காலும் வேண்டும். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட ஒரு வழிதான் தெரிந்தது. பொங்கலுக்கு முந்திய சந்தையன்று ராவுத்தர் கடைக்குப் போனாள். திருப்பதி சீர் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கரிநாளைக்கு அவுக ஆட வாராக."

"கேள்விப்பட்டேன் ஆத்தா. நெஞ்சு பதறுது."

"ஒன் புடியில வந்து மாட்டுவாக. வந்ததும் விட்டுரு. புடிச்ச மாதிரி புடிச்சு விட்டுரு. கோட்டத் தொட்டுட்டா சத்தியம் தீந்துரும். புள்ளைக்குக் காது குத்தலாம், காலும் மிஞ்சும்."

திருப்பதி தன் மடங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாழ்நாளில் பிடித்த பிடியை விட்டதில்லை. "நீ கேட்டா உசுரையே விடுவேன். புடியத்தானே கேக்குற, விடுறேன்," என்றான். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த ராவுத்தர் தலையைத் தூக்கவில்லை. ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். இரண்டு ஊரும் ஒத்துக்கொள்கிற ஒரே ஆள். "எங் காதுல எதுவும் விழுகலம்மா," என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன். சேவுகன் முட்டாளில்ல."

கரிநாளன்று பொட்டல் கொள்ளாத கூட்டம். இரண்டு ஊர் வண்டிகளும் வரிசையாக அவிழ்த்து நின்றன. பெண்கள் வண்டிகளுக்குப் பின்னால், ஆண்கள் கோட்டைச் சுற்றி. சேவுகன் வேட்டியை இறுக்கித் தார்பாய்ச்சிக்கொண்டு இறங்கியபோது மாவடியேந்தல் பக்கத்தில் ஒருவன் பழைய பாட்டை எடுத்தான். திருப்பதி திரும்பிப் பார்த்த பார்வையில் பாட்டு அடங்கியது.

சேவுகன் பாடிப் போனான். நொண்டினாலும் வேகம் இருந்தது. ஓரத்தில் நின்ற ஒருவனின் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பும்போது திருப்பதி பாய்ந்து விழுந்து வலது கணுக்காலைப் பிடித்தான். கூட்டம் ஓவென்று கத்தியது. இருளாயி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது பிடி அவிழ்ந்திருந்தது. திருப்பதி மண்ணில் குப்புறக் கிடந்தான், கை வெறுங்கையாக. சேவுகனுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. பாட்டு அறவில்லை. இரண்டே எட்டு வைத்தால் போதும்.

அவன் வைக்கவில்லை. நின்றான். திரும்பி மச்சானைப் பார்த்தான். கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வாயை மூடிக்கொண்டான்.

"சேவுகா, பாட்டு அறுந்துருச்சப்பா. நீ அவுட்டு," என்றார் ராவுத்தர், மனசில்லாமல். கருக்கவயல்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சேவுகன் நொண்டிக்கொண்டே வண்டிப் பக்கம் வந்து, இருளாயியிடம் தண்ணீர்ச் செம்பை வாங்கினான்.

"ஒங்க அண்ணனச் சந்தையில பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. "பாத்தேன்."

"என்ன சொன்ன?"

"காலை விட்டுரச் சொன்னேன்."

அவன் தண்ணீரைக் குடித்து முடித்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "இத்தன வருசமா காலு வலிச்சுச்சு, பொறுத்துக்கிட்டேன்," என்றான். "இது தாங்கல புள்ள. அவன் ஒடைச்சப்போ என்னைய ஒரு ஆளா மதிச்சு ஒடைச்சான். இன்னைக்கு நொண்டிப் பயன்னு பாவம் பாத்து விட்டுட்டான். இப்புடித் தொட்டுட்டு வந்து எம் மக காதக் குத்துனா, அந்தக் காதப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என்ன தோணும் சொல்லு."

இருளாயிக்கு அப்போதுதான் உறைத்தது. காலைக் காப்பாற்றப் போய் ஆளைக் கீழே தள்ளிவிட்டாள். தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. சத்தியம் செய்தவனும் முட்டாள், அதை ஏமாற்றித் தீர்க்கப் பார்த்த தானும் முட்டாள் என்று நினைத்தாள்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. யாராவது எதிராளியை வெளியேற்றினால் தன் பக்கத்தில் வெளியே உட்கார்ந்திருப்பவன் ஒருவன் உள்ளே வரலாம். அந்தக் கணக்கில் சேவுகன் மறுபடி உள்ளே வந்தான். ஆனால் கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். வெயில் தாழ்ந்து கண்மாய்த் தண்ணீர் சிவக்கும்போது கருக்கவயல் பக்கம் சேவுகன் ஒருத்தன்தான் மிச்சம். அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் திருப்பதி.

"இதுதான் கடைசிப் பாட்டு," என்றார் ராவுத்தர். "எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு, ஒங்களுக்கு வெளிச்சம் போச்சு."

சேவுகன் கோட்டருகே குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்தான். திருப்பதி அவனைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இந்த முறையும் விடப்போகிறான் என்பது அவன் நிற்கிற நிலையிலேயே இருளாயிக்குத் தெரிந்தது. கூடப்பிறந்தவளுக்கு அது தெரியாதா?

வண்டி வரிசையைத் தாண்டி எந்தப் பொம்பளையும் ஆடுகளத்துப் பக்கம் போனது கிடையாது. இருளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆண்களை இடித்துத் தள்ளிவிட்டுக் கோட்டோரம் போய் நின்றாள். அண்ணனின் மந்தக் காது இந்தப் பக்கம் இருந்ததால் இன்னும் உரக்கக் கத்தினாள்.

"அண்ணே! சந்தையில நாஞ் சொன்னத மறந்துரு! நாந்தான் புத்தி கெட்டுப் போயிச் சொன்னேன்! எம் புருசன் ஒண்ணும் நொண்டி இல்ல. புடி! காலப் புடி! எப்பவும் புடிக்கிற மாதிரி புடி! விட்டியோ, பொறந்த வீட்டு வாசல நாஞ் சாகுற வரைக்கும் மிதிக்க மாட்டேன்!"

இரண்டு ஊரும் வாயைப் பிளந்தது. "புருசன் கால ஒடைக்கச் சொல்றாடா இவ," என்று ஒருவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஆத்மநாதன் அம்பலம் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "ஏ புள்ள, அங்கிட்டுப் போ! இது பொம்பளைக நிக்கிற எடமா?"

"நிக்கட்டுங்க அம்பலம்," என்றார் ராவுத்தர். "ஆட்டத்த ஒழுங்கா ஆடுங்கன்னுதானே சொல்லுது. நான் சொல்ல வேண்டியது, அது சொல்லிருச்சு."

சேவுகன் பெண்டாட்டியைப் பார்த்தான். இரண்டு பல் போன வாய் முழுக்கச் சிரித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. திருப்பதி நிமிர்ந்தான். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி இரண்டு உள்ளங்கைகளிலும் தேய்த்துக்கொண்டான். "வாங்க மாப்ள," என்றான். குரல் மாறியிருந்தது.

சேவுகன் பாட்டை எடுத்தான். நேராகத் திருப்பதியை நோக்கியே போனான். இடது பக்கம் போக்குக் காட்டி, வலது பக்கம் நின்றவனை நெஞ்சில் தட்டினான். திரும்பும்போது உடும்பு விழுந்தது. வலது கணுக்கால். இந்த முறை பிடித்த பிடியில் சேவுகன் மரம் சாய்கிற மாதிரிச் சாய்ந்தான். மற்ற இருவரும் மேலே விழுந்தார்கள். மூன்று ஆளுக்கு அடியிலிருந்து பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

முகம் மண்ணில். முழங்கையை ஊன்றினான், ஒரு சாண் நகர்ந்தான். மேலே இருந்தவன் கழுத்தை அமுக்கினான். பாட்டு நசுங்கியது, அறவில்லை. கிணற்றடியில் கிடந்து பழகிய மூச்சு அது. கருக்கவயல் முழுக்க மூச்சுவிடாமல் நின்றது. இருளாயி கோட்டோரம் மண்டியிட்டுத் தரையைக் கையால் அடித்துக்கொண்டு, "வாங்க, வந்துருங்க, வந்துருங்க," என்று அழுதாள், கத்தினாள், இரண்டும் ஒன்றாகவே வந்தது. அண்ணனின் தோள் நரம்பு புடைத்திருந்தது. அவன் விடவில்லை. கொஞ்சமும் விடவில்லை. அதைப் பார்த்து அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்தக் கையைக் கடித்து விலக்கவும் தோன்றியது.

கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது முழங்காலில் அந்தச் சத்தம் கேட்டது. அதே சத்தம். பாட்டு எகிறி அலறலாகப் போனது. ஆனால் அந்த அலறலிலும் "சடுகுடு" இருந்தது. திருகிக்கொண்ட காலையும் அதைப் பிடித்திருந்தவனையும் மேலே கிடந்த இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, சேவுகன் கையை எறிந்தான். நான்கு விரல் கோட்டில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் மூச்சை விட்டான்.

ராவுத்தர் வெள்ளைச் சட்டையோடு குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். தோள் துண்டை வானத்தில் எறிந்தார். "தொட்டாச்சு! பாட்டு அறுகல! மூணு பேரும் அவுட்டு! கருக்கவயல் செயிச்சிருச்சு!"

முதலில் குலவை விட்டது கருக்கவயல் பெண்கள். மாவடியேந்தல் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள், அவர்கள் ஊர்ப் பெண்தானே கத்தியது! ஆண்கள் துண்டைச் சுற்றினார்கள், பரிசாகக் கட்டியிருந்த கிடா மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, அதைப் பிடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சேவுகன் மல்லாந்து கிடந்து வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான். திருப்பதி இன்னும் காலைப் பிடித்தபடி மண்ணில் கிடந்தான்.

"விடு மச்சான், முடிஞ்சிருச்சு."

"நான் விட மாட்டேன் மாப்ள, தங்கச்சி திட்டுவா," என்றான் திருப்பதி. சொல்லிவிட்டு ஏங்கி ஏங்கி அழுதான். முதல் முறையாக ஒரு கால் அவன் பிடியிலிருந்து ஜெயித்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த அழுகையில் துக்கம் ஒரு பொட்டும் இல்லை.

வண்டி பூட்டச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். முழங்கால் அதற்குள் பானை மாதிரி வீங்கிவிட்டது. "சீக்கிரம் கறம்பக்குடிக்குத் தூக்குங்கடா," என்றார் அம்பலம்.

"பொறுங்க," என்றாள் இருளாயி. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பத்தரக் கூப்புடுங்க. எம் மகளுக்குக் காது குத்தணும்."

"இப்பவா?"

"இப்பத்தான். இங்கயேதான்."

கீரமங்கலத்துப் பத்தர் பழனிச்சாமி கூட்டத்தில்தான் நின்றார். தை மாதம் காதுகுத்து மாதம். ஊசியும் தங்கக் கம்பியும் மடியில் இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதில்லை. ஆனால் அவரே தயங்கினார். ஆத்மநாதன் அம்பலத்துக்கோ தலை சுற்றியது. "நாள் நட்சத்திரம் பாக்காம நல்ல காரியமா? அதுவும் கரிநாள்லயா? எவளாவது செய்வாளா?"

"பொறந்ததுலேருந்து நல்ல நாளாத்தான் பாத்தோம். ஒண்ணுலயும் எம் புள்ளைக்குக் காது குத்தல," என்றாள் இருளாயி. "எனக்குக் கரிநாளே போதும். நாளைக்கு இந்த ரெண்டு ஆம்பளைகளும் எந்தச் சாமிகிட்ட என்ன சத்தியம் பண்ணுவாகளோ, யாரு கண்டா?"

கூட்டம் சிரித்தது. அம்பலமும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு தடுக்க முடியாது.

"நான் போயிக் குளிச்சிட்டு வேட்டி மாத்திட்டு வாரேன்," என்று எழுந்தான் திருப்பதி.

"இப்புடியே ஒக்காருண்ணே."

உடம்பெல்லாம் மண்ணும் வேர்வையுமாக, முழங்கை சிராய்த்து ரத்தம் ஒழுக, கிழித்த கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு அவன் உட்கார்ந்தான். வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த செவந்தியைத் தூக்கி வந்து மடியில் வைத்தார்கள். பிள்ளை மிரண்டு அம்மாவைப் பார்த்தது. "ஒன் மாமந்தாண்டி," என்றாள் இருளாயி. பிள்ளை கொஞ்ச நேரம் அந்த முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு மூக்கைத் தொட்டது.

"இது ஏன் கோணலா இருக்கு?"

"ஒங்கப்பன் முட்டுனது ஆத்தா," என்றான் திருப்பதி.

பிள்ளை களுக்கென்று சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே பத்தர் ஒரு காதை முடித்துவிட்டார். இரண்டாவது காதுக்குப் பிள்ளை போட்ட கூச்சல் கண்மாய்க்கு அந்தக் கரையில் கேட்டிருக்கும். படுத்துக்கிடந்த சேவுகன் தலையைத் தூக்கி, "எவ்வளவு மூச்சு பாரு எம் மகளுக்கு!" என்றான்.

அப்புறம்தான் வண்டி புறப்பட்டது. வைக்கோலைப் பரப்பிச் சேவுகனைப் படுக்க வைத்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குலுங்கும், கால் தாங்காது. திருப்பதி எதிரே ஏறி உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, குலுக்கல் படாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான். இருளாயி புருஷனின் தலைமாட்டில் இருந்தாள். இனி அந்தக் கால் மடங்காது என்று வைத்தியர் சொல்லத்தான் போகிறார். அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. தானே கமலை ஓட்ட வேண்டியிருக்கும், அவன் பந்தியில் காலை நீட்டித்தான் உட்கார வேண்டியிருக்கும். நீட்டட்டும் என்று நினைத்தாள். எந்தப் பெரிய மனிதன் வாயைத் திறக்கிறான் என்று பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் மனசு நிறைந்து இருந்தது. அவளால் மறைக்க முடியவில்லை.

செவந்தி காதைத் தொட்டுத் தொட்டுச் சிணுங்கிக்கொண்டு, "மாமா, மடி," என்று கையை நீட்டினாள்.

"மடியில எடமில்லையே ஆத்தா, ஒங்கப்பன் காலு இருக்கு. தோள்ல ஏறிக்க," என்றான் திருப்பதி.

பிள்ளை ஏறிக்கொண்டது. கறம்பக்குடிச் சாலையில் எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் வீங்கிய காலைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்பதற்காக வண்டியை மெதுவாக்கினார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் திருப்பதி முந்திக்கொண்டு, "எந் தங்கச்சி மகளுங்க, இன்னைக்குத்தான் எம் மடியில வச்சுக் காது குத்துனோம்," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வந்தான்.